தீக்குச்சிக்கு இல்லாத தீட்டு சோற்றுக்கு ஏன்?

விடிய இன்னும் ஒரு நாழிகை இருக்கும். கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல்காட்டு ஊர்களில் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வந்து நின்று ஒலி எழுப்புகிறது. தூக்குப்போணியைக் கையில் பிடித்தபடி பெண்கள் ஏறுகிறார்கள். மேலத்தெருக்காரி ஏறுகிறாள், கீழத்தெருக்காரி ஏறுகிறாள், காலனியிலிருந்து வந்தவளும் ஏறுகிறாள். வண்டி ஒன்று, கூலிக் கணக்கு ஒன்று, மேஸ்திரியின் ஏச்சும் ஒன்றுதான்!

ஆபீசில் உட்கார்ந்து கட்டை அடுக்குகிறார்கள். மெழுகிலும் மருந்திலும் முக்கிய குச்சி காய்ந்து வந்ததும் பெட்டியில் அடைக்கிறார்கள். எந்திரங்கள் வந்து பாதி வேலையைப் பிடுங்கிக்கொண்ட பிறகும், மீதி வேலைக்கு இந்தப் பெண்களின் விரல்கள்தாம் வேண்டியிருக்கின்றன. அந்த விரல்கள் அடைத்த பெட்டி லாரியேறி இந்தியா முழுதும் போகிறது. குடிசை அடுப்பையும் பற்றவைக்கிறது, மாளிகை விளக்கையும் ஏற்றுகிறது. கருவறையிலே கர்ப்பூரம் கொளுத்துவதும் அந்தக் குச்சிதான்!

இந்தக் குச்சியை அடைத்த கை எந்தத் தெருக் கை என்று யாராவது கேட்டதுண்டா? தீப்பெட்டியைத் தண்ணீர் தெளித்துத் தீட்டுக் கழித்து வாங்கியவர் உண்டா? இல்லை. கேட்டால் அடுப்பு எரியாது; வயிறு காயும். ஆகவே கேட்கமாட்டார்கள்.

ஆனால், அதே கரிசல் சீமையில், அப்படிப்பட்ட ஒரு கை, பள்ளிக்கூடத்து அடுப்பைப் பற்றவைத்துப் பச்சைப் பிள்ளைகளுக்குக் காலைப் பலகாரம் கிண்டியபோது, “ஆகாது” என்றார்கள்! பற்றவைத்த குச்சி ஆகும், அடுப்பு ஆகும், அரிசியும் ரவையும் ஆகும். கிண்டிய கை மட்டும் ஆகாதாம்!

நடந்த ஆண்டு 2023. மாதம் செப்டம்பர். ஊர், எட்டயபுரத்தை அடுத்த உசிலம்பட்டி. மதுரைப் பக்கத்து உசிலம்பட்டி அல்ல. தூத்துக்குடி மாவட்டத்தில், மானாவாரி நிலத்தை நம்பி வாழும் சிற்றூர். அங்கே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் காலை உணவு சமைக்க அமர்த்தப்பட்டவர் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு பெண்மணி. அவர் சமைத்தார். பெற்றோர் சிலர், தம் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. ஆக்கிய சோறு ஆறிக் கிடந்தது.

செய்தி ஏடுகளில் வந்தது. அதிகாரிகள் ஓடி வந்தார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும், அன்று அமைச்சராக இருந்த கீதா ஜீவனும், மாவட்ட ஆட்சியரும் அந்தப் பள்ளிக்கே சென்று, பிள்ளைகளோடு அமர்ந்து அந்த உணவை உண்டார்கள். நல்ல காரியம். பாராட்டவேண்டிய காரியம். ஆனால், தோழர்களே, ஒரு கேள்வி தொண்டையில் முள்ளாய்க் குத்துகிறது. தலைவர்கள் வந்து உண்ணும் வரையில் அந்தச் சோறு ஏன் காத்துக் கிடக்க வேண்டும்? அந்த வட்டாரத்தில் நம் கொடி ஏற்றியவன் ஒருவன்கூட இல்லையா, முதல் நாளே முதல் கவளத்தை எடுக்க?

எட்டயபுரம் கண்ட இரு காட்சிகள்

எட்டயபுரம் என்றதும் பாரதி பிறந்த மண் என்போம். 1947-இல் அங்கே அவருக்கு மணிமண்டபம் எழும்பியது என்போம். அதே எட்டயபுரத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1956-இல், முதலமைச்சராயிருந்த காமராசர், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகலுணவு போடும் திட்டத்தைத் தொடங்கிவைத்தது அந்த ஊரில்தான். அவருடைய கட்சி வேறு, நம் கட்சி வேறு. அதனால் அந்தப் பெருமை குறைந்துவிடாது.

ஏன் எட்டயபுரத்தைத் தேர்ந்தார்கள் என்று கரிசல்காட்டுக்காரனைக் கேளுங்கள், அவன் சொல்வான். வானம் பார்த்த பூமி. புரட்டாசியில் மழை பெய்தால் உளுந்தும் பாசியும் கம்பும் சோளமும் பருத்தியும். பெய்யாவிட்டால் வெடிப்பு விட்ட நிலமும் வெறும் பானையும். பட்டினி இந்த மண்ணுக்கு விருந்தாளியல்ல, குடும்பத்து உறுப்பினர்!

அந்தப் பட்டினிதான் ஒரு காலத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு விடாமல், இருட்டோடு இருட்டாக எழுப்பித் தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் ஏற்றிவிட்டது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்துக் குழந்தைத் தொழிலாளர் கதை உலகமெல்லாம் நாறியது. 1986-இல் சட்டம் வந்தது. சட்டத்தால் மட்டுமா அந்தக் குழந்தைகள் மீண்டார்கள்? பள்ளியில் ஒரு வேளைச் சோறு இருந்தது. அதுவும் அவர்களை இழுத்து உட்காரவைத்தது.

பிள்ளைகளின் பசி தீர்க்கும் எண்ணம் இந்த நாட்டில் நேற்று முளைத்ததல்ல. 1920-இல், பிட்டி தியாகராயர் தலைமையில் நீதிக்கட்சி ஆண்ட சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் உணவு போட்டது. காமராசர் அதை நாட்டுப்புறத்துக்குக் கொண்டுவந்தார். எம்.ஜி.ஆர். 1982-இல் சத்துணவாக விரித்தார். கலைஞர் அந்தத் தட்டில் முட்டை வைத்தார். 2022 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில், மதுரையில் மு.க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2023 ஆகஸ்ட் 25-ஆம் நாள் அது 31,008 அரசுப் பள்ளிகளுக்கும், ஏறத்தாழ 15.75 இலட்சம் பிள்ளைகளுக்கும் விரிந்தது. ஊர்தோறும் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்களே சமைக்கிறார்கள்.

விரிந்த அடுத்த மாதமே உசிலம்பட்டி! ஒரு நூற்றாண்டாகப் பலர் கை மாறி வந்த பந்தி, ஒரு சின்னப் பள்ளியின் வாசலில் வந்து முட்டி நின்றது. பணமுடை காரணமல்ல, அரிசிப் பஞ்சம் காரணமல்ல. பரிமாறியவள் பிறந்த தெரு காரணம்! 1956-இல் பசியை விரட்ட அடுப்பு மூட்டிய வட்டாரம், 2023-இல் அந்த அடுப்பையே ஒதுக்கியது.

உசிலம்பட்டி மட்டும் என்று எண்ணிவிடாதீர். அதே செப்டம்பரில் கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரிலும் இதே கதை. அங்கேயும் மாவட்ட ஆட்சியரே சென்று அமர்ந்து உண்டு, சட்டம் பாயும் என்று எச்சரிக்க வேண்டியிருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். சட்டத்துக்கு இந்த நாட்டில் பஞ்சமே இல்லை!

1950 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, தீண்டாமையை ஒழித்துவிட்டது. எந்த வடிவிலும் அதைக் கடைப்பிடிப்பது குற்றம் என்றது. 1955-இல் ஒரு சட்டம் வந்தது. அது போதவில்லை என்று 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. 2015-இல் அதைத் திருத்தி இன்னும் கூர்மையாக்கினார்கள். தாழ்த்தப்பட்டவர் மீது சமூகப் புறக்கணிப்பு, பொருளாதாரப் புறக்கணிப்பு விதிப்பதும் குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. கடமையை வேண்டுமென்றே தவறவிடும் அரசு அலுவலருக்கும், அவர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் அல்லாதவராயின், ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை உண்டு.

இன்னொன்றும் கேளுங்கள். 2004 ஏப்ரல் 20-ஆம் நாள் உச்சநீதிமன்றம், பகலுணவுத் திட்டத்தில் சமையலரையும் உதவியாளரையும் நியமிக்கும்போது தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தரவேண்டும் என்று ஆணையிட்டது. ஏன் அப்படி? நாலு பேருக்கு வேலை கிடைக்கட்டும் என்பதற்காக மட்டுமல்ல. ஒரே பந்தியில், ஒரே பானைச் சோற்றை, ஒரு தலைமுறைப் பிள்ளைகள் உண்டு வளர்ந்தால், அவர்கள் பெரியவர்களாகும்போது தீட்டு என்ற சொல்லுக்கு அகராதியில் பொருள் தேடவேண்டிய நிலை வரும். அந்தச் சமையற்கட்டு, சோறு ஆக்கும் இடம் மட்டுமல்ல. சமத்துவம் ஆக்கும் இடம்!

ஆகவே உசிலம்பட்டியில் அடுப்பு மூட்டிய அந்தப் பெண்மணி யாருடைய தயவிலும் அங்கே நிற்கவில்லை. உரிமையோடு நின்றார். அந்தச் சோறு வேண்டாமென்று ஊர் கூடி ஒதுக்கியவர்கள் தள்ளியது ஒரு பெண்ணை மட்டுமல்ல. 17-ஆவது பிரிவையே தட்டோடு தள்ளினார்கள்!

“என் பிள்ளை, என் இஷ்டம்!”

இப்படி எழுதினால், எதிர்வாதம் வரும் என்று தெரியும். வரட்டும், பார்ப்போம்.

“அண்ணாச்சி, எம் பிள்ளை வீட்டிலேயே தின்னுட்டுத்தான் போகுது. பள்ளிக்கூடத்துச் சோத்தைத் தின்னே ஆகணும்னு சட்டமா?”

இல்லை, ஐயா, அப்படிச் சட்டமில்லை. ஒரு பிள்ளைக்கு ஒரு நாள் பசியில்லை, வேண்டாம் என்றால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால், போன வாரம் வரை பசித்த பிள்ளைக்கு இன்ன கை சமைக்கிறது என்று தெரிந்த மறுநாள் பசி போய்விடுகிறதே, அது என்ன நோய்? ஒரு வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமல்லாமல் தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே காலையில் பசியற்றுப் போகிறதே, அது எந்த வைத்தியத்தில் எழுதியிருக்கிறது? தனி மனிதன் உண்ணாதிருப்பது அவன் உரிமை. ஊர் கூடிப் பேசி, ஒருத்தியின் பிழைப்பைக் கெடுக்க, அவள் ஆக்கியதை ஒதுக்குவது உரிமையல்ல, புறக்கணிப்பு. அதற்குத்தான் சட்டத்தில் தண்டனை எழுதியிருக்கிறது.

“சாதியெல்லாம் பார்க்கலை. அவங்களுக்கும் எங்களுக்கும் பழைய மனத்தாங்கல்.”

மனத்தாங்கல் இல்லாத ஊர் ஏது? வரப்புச் சண்டை, வாய்க்கால் சண்டை, தேர்தல் சண்டை எல்லாம் உண்டு. மனத்தாங்கல் உள்ளவன் கடையில் தீப்பெட்டி வாங்குகிறோம். அவன் ஓட்டும் பேருந்தில் ஏறுகிறோம். கோபம் சோற்றில் மட்டும், அதுவும் காலனிப் பெண் ஆக்கிய சோற்றில் மட்டும் வந்து உட்காருமானால், அதற்குப் பெயர் மனத்தாங்கல் அல்ல. பெயரை மாற்றினால் பாம்பு கயிறாகிவிடாது.

“ஊரில் பெரும்பாலோர் வேறு ஆள் வேண்டும் என்கிறார்கள். சனநாயகம்தானே? மெஜாரிட்டி சொல்வதுதானே நடக்க வேண்டும்?”

இதுதான் மூன்றிலும் ஆபத்தான வாதம், தோழர்களே. ஏனெனில், நம் சொல்லையே எடுத்து நம்மை அடிக்கிறது. தலை எண்ணுவதுதான் சனநாயகம் என்றால், அரசியல் சட்டத்தில் அடிப்படை உரிமைகள் என்று ஓர் அத்தியாயம் எதற்கு? தலை எண்ணினால் எப்போதும் தோற்கக் கூடியவன் எவனோ, அவனைக் காக்கவே அந்த அத்தியாயம்! ஐந்து வீட்டுக்காரனின் மானத்தை ஐம்பது வீட்டுக்காரன் ஓட்டுப் போட்டுப் பறிக்க முடியாது. அந்த வரம்பைக் கட்டியபின் நடப்பதற்குத்தான் சனநாயகம் என்று பெயர். வரம்பை உடைத்து நடத்தினால் அது கும்பலாட்சி.

1949 நவம்பர் 25-இல், அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர் எச்சரித்தது இதைத்தான். அரசியலில் ஒருவருக்கு ஒரு வாக்கு, ஒரே மதிப்பு, வாழ்க்கையிலோ ஏற்றத்தாழ்வு, இந்த முரண்பாட்டோடு நெடுநாள் வாழ முடியாது என்றார். வாக்குச் சாவடியை நினைத்துப் பாருங்கள். மேலத்தெரு விரலிலும் காலனி விரலிலும் ஒரே மை. அந்த மை காயுமுன், அதே விரல் உப்புப் போட்ட சாம்பார் தீட்டு என்றால், நாம் நடத்துவது சனநாயகமா, ஐந்தாண்டுக்கு ஒருநாள் கூத்தா?

யாரை அப்புறப்படுத்துவது?

இப்படிப்பட்ட தொல்லை வரும்போதெல்லாம் அலுவலகத்தில் உடனே தோன்றும் யோசனை ஒன்று உண்டு: “அந்த அம்மாவை வேறு பள்ளிக்கு மாற்றிவிடு.” எளிய வழி, ஊர் அடங்கும், கோப்பு மூடும்.

2018-இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் இதுதான் நடந்தது. தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் சத்துணவு சமைக்க வந்தார். ஒரு கூட்டம் எதிர்த்தது. அதிகாரி அவருக்கு இடமாற்ற உத்தரவு போட்டார்! எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் உத்தரவு இரத்தாகி, தடுத்தவர்கள் மீது வழக்குப் பதிவானது. 2021 டிசம்பரில் வடக்கே உத்தராகண்டின் சம்பாவத் மாவட்டத்திலும் ஒரு பள்ளிச் சமையற்காரப் பெண்மணியை இதே காரணத்துக்காக ஒதுக்கினார்கள். நியமன முறையில் குறை என்று சொல்லி நிர்வாகம் அவரை நீக்கியது. அப்போது தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகள், அவருக்குப் பதிலாக வந்தவர் சமைத்ததை நாங்களும் உண்ணமாட்டோம் என்றார்கள். பெரியவர்களுக்குப் பிள்ளைகள் பாடம் நடத்தினார்கள். பிறகு அவர் மீண்டும் வேலைக்கு வந்தார்.

குற்றம் செய்தவன் இருந்த இடத்தில் இருப்பான். குற்றத்துக்கு ஆளானவள் மூட்டை கட்ட வேண்டும். இதற்குப் பெயர் நிர்வாகமா? திருடனைப் பிடிக்காமல், பறிகொடுத்தவனை ஊர் மாற்றும் போலீசு உண்டா?

நம் கரிசலுக்கு அருகிலேயே இதற்கு மாற்றுப் பாடமும் உண்டு. கோவில்பட்டியின் கடலை மிட்டாய் 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஊருக்கே இனிப்பான செய்தி. இரண்டே ஆண்டில், 2022 செப்டம்பரில், அண்டை மாவட்டமான தென்காசியில், சங்கரன்கோவிலை ஒட்டிய பாஞ்சாகுளத்தில் கசப்பான செய்தி. பள்ளிப் பிள்ளைகள் காசோடு பெட்டிக்கடைக்குப் போனார்கள், தின்பண்டம் வாங்க. ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, உங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார். ஏன் என்று புரியாமல் விழித்த அந்தப் பிஞ்சு முகங்களை நாடே படத்தில் பார்த்தது.

அங்கே பிள்ளைகளை வேறு கடைக்குப் போகச் சொல்லவில்லை. கைது நடந்தது, கடை பூட்டப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தூங்கிக் கிடந்த ஒரு பிரிவைப் போலீசார் எடுத்து நீட்ட, குற்றம் சாட்டப்பட்டோர் ஆறு மாத காலம் ஊருக்குள் நுழையக் கூடாது என்று சிறப்பு நீதிமன்றம் தடை விதித்தது. பார்த்தீர்களா வேறுபாட்டை? ஓரிடத்தில் ஒடுக்கப்பட்டவளுக்கு இடமாற்றம். இன்னோரிடத்தில் ஒடுக்கியவர்களுக்கு ஊர்த்தடை. எந்தப் பக்கம் திரும்புவது என்பதை அதிகாரியின் மனசாட்சி மட்டும் முடிவு செய்வதில்லை. எந்தப் பக்கத்திலிருந்து மக்கள் குரல் பலமாக வருகிறது என்பதும் முடிவு செய்கிறது.

சமையலையே ஊருக்கு வெளியே ஒரு பொதுக்கூடத்தில் வைத்து, வண்டியில் அனுப்பிவிட்டால் சிக்கல் தீருமே என்போரும் உண்டு. சிக்கல் தீராது, கை மட்டும் மறையும். யார் ஆக்கியது என்று தெரியாததால் உண்பவன் சமத்துவவாதி ஆகிவிடமாட்டான். தெரிந்தும் உண்ணவேண்டும், அதுதான் பண்பாடு!

அன்று நாம் கேட்ட கேள்வி

தோழர்களே, இதுவரை பிறரைச் சாடினோம். இனி நம்மை நாமே பார்ப்போம்.

நூறாண்டுக்கு முன், இதே நெல்லைச் சீமையில், சேரன்மாதேவியில் ஒரு குருகுலம் இருந்தது. தேசபக்தர் வ.வே.சு. ஐயர் நடத்தியது, பொதுமக்கள் நன்கொடையும் காங்கிரசுப் பணமும் பெற்றது. அங்கே பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி, மற்றப் பிள்ளைகளுக்கு வேறு பந்தி. 1924, 25 ஆண்டுகளில் பெரியாரும் டாக்டர் வரதராசுலு நாயுடுவும் கொதித்தெழுந்தார்கள். பொதுப்பணத்தில் நடக்கும் இடத்தில் பந்தியில் பேதமா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி தமிழ்நாட்டின் அரசியலையே புரட்டிப் போட்டது. சுயமரியாதை இயக்கத்தின் வித்துகளில் ஒன்று அந்தப் பந்தியில் விழுந்தது.

அன்று ஒதுக்கப்பட்டது நம் பாட்டன் வீட்டுப் பிள்ளை. ஆகவே நமக்குச் சுருக்கென்று தைத்தது. “நானும் மனிதன்தானே” என்றோம். மேடை தோறும் முழங்கினோம். நியாயம்!

இன்று? குருகுலம் இருந்த இடத்தில் ஊராட்சிப் பள்ளி. பொதுப்பணம் அதே. பந்தியும் அதே. விலகி உட்காரச் சொல்பவன் மட்டும் மாறியிருக்கிறான். அவன் அக்கிரகாரத்திலிருந்து வரவில்லை. நம் தெருவிலிருந்து வருகிறான். நம் கூட்டத்துக்கு வருகிறான். நம் கரைவேட்டி கட்டுகிறான்! மேலே இருப்பவன் நம்மைத் தள்ளினால் அநீதி. கீழே இருப்பவனை நாம் தள்ளினால் ஊர் வழக்கமா? அடி வாங்கும்போது மட்டும் வலிக்கிறது, கொடுக்கும்போது வலிக்கவில்லை என்றால், நாம் கற்றது சுயமரியாதை அல்ல, வெறும் சுயநலம்.

இதன் விளைவைச் சின்னதென்று எண்ணாதீர். 2023 ஆகஸ்டில், நெல்லை மாவட்டம் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்புத் தாழ்த்தப்பட்ட மாணவனை, உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். நாடு நடுங்கியது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைந்து, 2024 ஜூனில் அறிக்கை தந்தது; சாதி காட்டும் வண்ணக் கயிறுகளை மணிக்கட்டில் கட்டிப் பள்ளிக்கு வருவதைத் தடை செய்யச் சொன்னது. கயிற்றை அறுக்கலாம், அறுக்கத்தான் வேண்டும். ஆனால், மணிக்கட்டில் கயிறு ஏறுவதற்குப் பத்தாண்டு முன்பே, “அந்தம்மா ஆக்கினதைத் தொடாதே” என்று ஒரு கயிறு மனத்தில் கட்டப்பட்டுவிடுகிறதே! ஆறு வயதில் தட்டை விலக்கக் கற்றுக்கொடுக்கிறோம். பதினாறு வயதில் அவன் அரிவாளைத் தூக்கும்போது, காலம் கெட்டுவிட்டது என்று தலையில் அடித்துக்கொள்கிறோம்.

அமெரிக்காவிலும் ஒரு பந்தி

இந்தத் தீப்பெட்டி நியாயம் நமக்கு மட்டும் சொந்தமல்ல. சனநாயகத்துக்கே தாயகம் என்று மார்தட்டிய அமெரிக்காவிலும் இருந்தது. 1960 பிப்ரவரி 1-ஆம் நாள், கிரீன்ஸ்பரோ என்ற நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள் வுல்வொர்த் என்ற பெருங்கடைக்குள் போனார்கள். அங்கே சில்லறைச் சாமான்கள் வாங்கினார்கள். காசை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார்கள். அதே கடையில் சிற்றுண்டிப் பகுதியில் அமர்ந்து காப்பி கேட்டார்கள். “உங்களுக்கு இல்லை” என்றார்கள்! கறுப்பன் காசு கல்லாவில் விழலாம். கறுப்பன் நாற்காலியில் அமரக் கூடாது. குச்சி ஆகும், சோறு ஆகாது. கடல் கடந்தும் ஒரே நியாயம்!

அந்த நால்வரும் கூச்சலிடவில்லை, கல்லெறியவில்லை. எழுந்திருக்க மறுத்தார்கள், அவ்வளவுதான். மறுநாளும் வந்தார்கள். கூட்டம் பெருகியது. ஊர் ஊராகப் பரவியது. அந்த ஆண்டு ஜூலை 25-இல் அதே இடத்தில் கறுப்பின மக்களுக்கு உணவு பரிமாறப்பட்டது. 1964-இல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. அங்கே உட்கார்ந்தவர்கள் முந்தினார்கள், சட்டம் பிந்தியது. இங்கே சட்டம் முந்திவிட்டது. உட்கார ஆள் வேண்டும்!

கிளைச் செயலாளரே, உம்மைத்தான்!

யார் உட்கார்வது? தலைவர்கள் ஒருநாள் வரலாம். ஆட்சியர் ஒருநாள் வரலாம். பள்ளி ஆண்டில் இருநூறு நாளுக்கு மேல் நடக்கிறதே! அன்றாடம் அந்த ஊரில் இருப்பவர் யார்? கொடிக்கம்பம் நட்டவர், சுவரெழுத்து எழுதியவர், வாக்காளர் பட்டியலை மனப்பாடமாக வைத்திருக்கும் கிளைச் செயலாளர். தேர்தல் வந்தால் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கத் தெரிந்தவருக்கு, ஒரு பிள்ளையின் கையைப் பிடித்துப் பந்தியில் உட்காரவைக்கத் தெரியாதா?

தெரியும். பயம்தான் தடை. “நம்ம சனம் கோவிச்சுக்கிடும், அண்ணாச்சி; ஓட்டுப் போயிரும்” என்பார். போகட்டுமே! ஓட்டுக்காகக் கொள்கையை விற்றுவிட்டு, வென்றபின் எந்தக் கொள்கையை நடத்தப்போகிறோம்? தீட்டுப் பார்ப்பவனின் ஓட்டால் ஏறும் நாற்காலியில் பெரியார் படத்தை மாட்டிவைத்தால், அந்தப் படம் நம்மைப் பார்த்துச் சிரிக்காதா?

செய்யவேண்டியது மலையைப் புரட்டும் வேலையல்ல. முதலாவது, உம் பிள்ளை, உம் பேரப்பிள்ளை அந்தப் பள்ளியில் படித்தால், முதல் வரிசையில் அது உட்காரட்டும். இரண்டாவது, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். அந்தக் கூட்டத்துக்குப் போய், சமைக்கும் பெண்ணுக்கு ஆதரவாகத் தீர்மானம் போடச் செய்க. மூன்றாவது, இடமாற்றம் என்ற சொல் அலுவலகத்தில் எழுந்த அன்றே, எந்தக் கட்சி ஆட்சியானாலும் சரி, நம் கட்சி ஆட்சியானாலும் சரி, எதிர்த்து மனுக் கொடுக்க. நான்காவது, மாவட்ட ஆட்சியர் தலைமையில் வன்கொடுமைத் தடுப்புக்கென்று விழிப்புக் கண்காணிப்புக் குழு உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் அது கூடவேண்டும் என்பது விதி. கூடுகிறதா, உம் ஊர் விவகாரம் அங்கே போயிற்றா என்று கேளும். ஐந்தாவது, உம் வீட்டுக் கல்யாணத்துக்கு அந்தப் பெண்மணியைப் பத்திரிகை வைத்து அழைத்து, உம் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிடச் செய்யும். ஊர் பேசும். பேசட்டும். ஊர் பேசாத காரியம் எதையாவது இந்த இயக்கம் செய்து வளர்ந்ததுண்டா?

ஆபீஸ் தொழிலாளத் தோழர்களுக்கும், மில் தொழிலாளத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கூலி உயர்வு கேட்கும்போது ஒரே வரிசையில் நிற்கிறோம். மாலையில் ஊருக்குத் திரும்பியதும் தெருவுக்கொரு வரிசை. முதலாளிக்கு இதைவிட மலிவான காவல்காரன் வேண்டுமா? காலனிப் பெண்ணின் தட்டைத் தள்ளும் கையால், நாளை அவள் கையைக் கோத்து வேலைநிறுத்தத்தில் நிற்க முடியுமா?

1948 டிசம்பர் 10-இல் உலக நாடுகள் கூடி மனித உரிமைப் பிரகடனம் செய்தன. மனிதர் அனைவரும் மதிப்பிலும் உரிமையிலும் சமமாகவே பிறக்கிறார்கள் என்றன. ஆண்டுதோறும் அந்த நாளில் நகரத்து அரங்குகளில் விழா நடக்கிறது, சொற்பொழிவு நடக்கிறது. நடக்கட்டும். ஆனால் கரிசல்காட்டில் அந்தப் பிரகடனத்தின் அளவுகோல் அரங்கத்தில் இல்லை. காலை எட்டு மணிக்கு, ஓர் ஊராட்சிப் பள்ளியின் திண்ணையில் இருக்கிறது. அங்கே ஒரு தாய், கரண்டியோடு நிற்கிறாள். எதிரே தட்டுகள் இருக்கின்றன. எத்தனை தட்டுகள் நீள்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். நாட்டில் எவ்வளவு சனநாயகம் இருக்கிறது என்பதற்கு அதுவே கணக்கு.

நாளைக் காலை அந்தக் கணக்கில் ஒரு தட்டுக் கூடுமா? தோழனே, அது உன் வீட்டுத் தட்டாக இருக்குமா?